செய்தியை அளந்த செம்மல் கிளோட் ஷானன்

நெற்களத்திலே எழும் வழக்குகளுட் பழமையானது ஒன்றுண்டு. நெல்லின் தரத்தில் ஐயமில்லை. எண்ணிய எண்ணிலும் பிழையில்லை. ஆயினும் விற்றவருக்கும் கொண்டவருக்கும் கணக்கு ஒவ்வாது. காரணம் யாதெனில், ஒருவர் மரக்காலைக் குவித்து அளந்திருப்பார். மற்றவர் தலைவழித்து அளந்திருப்பார். பெயர் ஒன்று, கொள்ளளவு இரண்டு.

அண்மையிலே கிளிநொச்சியில் எம்மிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் இத்தகையதொரு வழக்கோடு வந்தான். தன் தமையன் வாங்கிய கணினி வன்றட்டின் உறையில் ஒரு தெராபைற்று என்று பொறித்திருந்ததாம். கணினியிற் பொருத்திப் பார்த்தபோதோ 931 ஜிகாபைற்று என்றே காட்டியதாம். எஞ்சிய பகுதியை விற்றவர் விழுங்கிவிட்டாரோ என்பது அவன் ஐயம். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் நாம் அவனுக்கு உடனே விடைகூற இயலாது நின்றோம். விடை தேடிப் புகுந்தவிடத்திலே, செய்தி என்னும் உருவிலாப் பொருளுக்கு அளவு கண்ட ஒரு பேரறிஞரின் வரலாறு கிடைத்தது. அதனை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

கிளோட் எல்வூட் ஷானன் 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்துப் பெற்றொஸ்கி என்னும் ஊரிற் பிறந்தார். வளர்ந்தது அயலிலுள்ள கேலோட் என்னும் சிற்றூரில். தந்தையார் வணிகம் செய்தவர், நீதிபதியாகவும் இருந்தார். தாயார் மொழியாசிரியை, பின்னர் அவ்வூர்ப் பாடசாலையின் அதிபராயும் விளங்கினார். மூத்த சகோதரி கணிதத்தில் வல்லவர். இங்ஙனம் மொழியும் கணிதமும் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்த வீட்டிலே வளர்ந்தமை, பிற்காலத்தில் இவ்விரண்டையும் இணைத்த பெருஞ்செயலுக்கு வித்தாயிற்று எனலாம்.

சிறுவன் ஷானனுக்குக் கைவேலையில் அளவிறந்த ஆசை. வேலிக்கு இட்டிருந்த முட்கம்பியையே தந்திக் கம்பியாக்கி, அரை மைல் தொலைவிலிருந்த தோழனின் வீட்டோடு தந்தியிற் பேசினான் என்பர். புள்ளியும் கோடும் ஆகிய இரண்டே குறிகளால் எதனையும் சொல்லிவிடலாம் என்பதை அவ்விளம்பருவத்திலேயே தன் விரல்களால் அறிந்துகொண்டான். முள்வேலியும் வயலும் சூழ்ந்த நம்மூர்ச் சிறாருக்கு இக்காட்சி அந்நியமானதன்று.

கல்வியும் முதற் கண்டுபிடிப்பும்

1936ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே மின்பொறியியலிலும் கணிதத்திலுமாக இரண்டு பட்டங்களை ஒருங்கே பெற்றார். பின்னர் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் சேர்ந்து, வனேவர் புஷ் என்னும் பேராசிரியர் அமைத்திருந்த பெரிய கணிப்பொறியை இயக்கும் பணியை ஏற்றார். பற்சக்கரங்களும் தண்டுகளும் சுழல, மின் ஆளிகள் திறப்பதும் மூடுவதுமாக இயங்கிய பொறி அது.

அவ்வாளிகளை நாள்தோறும் நோக்கிய ஷானனுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜ் பூல் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், மெய், பொய் என்னும் இரண்டே நிலைகளை வைத்துத் தருக்கத்தைக் கணிதமாக்கியிருந்தார். ஆளியும் இரண்டே நிலையுடையது: மூடினால் மின் ஓடும், திறந்தால் நிற்கும். அவ்வாறாயின், தருக்கம் முழுவதையும் ஆளிகளால் நடத்தலாம். கூட்டல் கழித்தலையும் நடத்தலாம். 1937இல், தமது இருபத்தொன்றாம் வயதில், முதுமாணிப் பட்டத்துக்காக எழுதிய ஆய்விலே இதனை நிறுவினார். இன்று நம் கைகளிலுள்ள கைப்பேசி வரை எல்லாக் கணிப்பொறியும் இவ்வடிப்படையில் இயங்குவனவே. 1940இற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவ்வாய்வு பரம்பரையியலைக் கணிதத்தால் ஆராய்ந்தது.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே ஷானன் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். தொலைபேசியையே தொழிலாகக் கொண்ட அந்நிறுவனத்தில் அவருக்கு வாய்த்த ஆராய்ச்சிகளுள் ஒன்று மறைமொழி. பகைவர் ஒட்டுக்கேட்பினும் பொருள் உணராவண்ணம் செய்தியை மறைத்து அனுப்புவது எங்ஙனம் என்பதே வினா. 1943இல் ஆங்கிலக் கணித மேதை அலன் ரியூறிங் அங்கே வந்திருந்தார். இருவரும் தத்தம் மறைமொழிப் பணியைப் பற்றிப் பேசத் தடையிருந்தது. ஆகவே உணவுச்சாலையில் அமர்ந்து, பொறிகள் சிந்திக்குமோ என்பதைப் பற்றி உரையாடினர்.

மறைமொழி ஆராய்ச்சி ஷானனுக்கு ஒன்றை உணர்த்தியது. மொழியிலே மிகையாகச் சொல்லப்படுவது பெரும்பகுதி உண்டு. சில எழுத்துகள் அழிந்தாலும் எஞ்சியவற்றைக் கொண்டு அவற்றை ஊகிக்கலாம். இதனைத் தமிழறிஞர் உலகம் வேறு வழியில் அறிந்திருந்தது. 1887ஆம் ஆண்டிற் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்து வெளியிட்டனர். செல்லரித்த ஏடுகளிலே சிதைந்த எழுத்துகளை அத்தகைய பதிப்பாசிரியர் மீட்பதற்கு எதுகையும் மோனையும் சீரும் தளையும் துணைநின்றன. யாப்பு என்பது ஓசையழகு மட்டுமன்று; சிதைவுக்கு எதிரான காப்புமாகும். அக்காப்பின் அளவைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஷானன்.

1948ஆம் ஆண்டு

அவ்வாண்டின் யூலை, ஒக்ரோபர் மாதங்களில் பெல் ஆய்வுகூடத்தின் ஆய்விதழிலே, தொடர்பாடலின் கணிதக் கொள்கையை விளக்கும் நெடுங்கட்டுரை இரு பகுதிகளாக வெளிவந்தது. அதன் பயனாகவே செய்திக்கு ஓர் அளவு உலகிற்குக் கிடைத்தது. நைக்குவிஸ்ற், ஹாட்லி என்போர் முன்னரே அவ்வழியிற் சில அடி வைத்திருந்தனர். முழு மாளிகையையும் எழுப்பியவர் ஷானனே.

அவர் கண்ட அளவு மிக எளியது. நாணயம் ஒன்றைச் சுண்டுகின்றோம். தலையோ பூவோ, இரண்டிலொன்று விழும். எது விழுந்தது என்று அறிவிப்பதற்கு வேண்டும் செய்தியே ஓர் அலகு. சுழியம், ஒன்று என்னும் இரண்டு இலக்கங்களுள் ஒன்றால் அதனை எழுதிவிடலாம். ஆதலின் துவித இலக்கம் என்னும் பொருள்பட அதற்குப் ‘பிற்று’ எனப் பெயரமைந்தது. பெயரைச் சூட்டியவர் தம் உடன்பணியாளர் யோன் ரூக்கி என்பதை ஷானன் அக்கட்டுரையிலேயே மறவாது குறித்தார்.

பிற்றுகள் கூடக்கூட வேறுபாடுகள் இரட்டிக்கும். இரண்டு பிற்று நான்கு வேறுபாடுகளைக் காட்டும். மூன்று பிற்று எட்டை. எட்டுப் பிற்று 256ஐ. தமிழ் நெடுங்கணக்கின் எழுத்துகள் 247. ஆகவே எந்தத் தமிழ் எழுத்தையும் எட்டுப் பிற்றுக்குள் அடக்கிவிடலாம். ஒன்பது இடம் மிஞ்சவும் செய்யும். இந்த எட்டுப் பிற்றுத் தொகுதியே இன்று பைற்று எனப்படுவது. அப்பெயரை 1956இல் வேணர் புக்கோல்ஸ் என்னும் பொறியியலாளர் வழங்கினார்.

இரட்டித்து அளத்தல் நமக்குப் புதிதன்று. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு தூணிக்கு 256 ஆழாக்கு. வன்னி உழவர் நெல்லுக்கு வழங்கிய புசலும் அவ்வாறே: ஒரு புசலுக்கு எட்டுக் கலன், ஒரு கலனுக்கு எட்டுப் பைந்து.

ஷானனின் கொள்கையில் இன்னொரு பெரும் பகுதியும் உண்டு. ஒவ்வொரு தொடர்பு வழிக்கும் ஒரு கொள்திறன் உண்டு என்றும், அதற்குட்பட்டு அனுப்பினால், இடையே எத்துணை இரைச்சல் புகுந்தாலும், தக்க குறிமுறையால் ஏறக்குறையப் பிழையின்றிச் செய்தியைச் சேர்த்துவிடலாம் என்றும் நிறுவினார். தொலைவிலுள்ள கோள்களிலிருந்து விண்கலங்கள் அனுப்பும் படங்கள் தெளிவாக வந்தடைவது இவ்வுண்மையின் பயனேயாம்.

இவ்விடத்தில் மாணவர் தடுமாறும் ஒன்றை விளக்குதல் நன்று. இரணைமடுக் குளத்தின் நீர்க்கொள்ளளவை ஏக்கரடியால் அளப்பர். வாய்க்காலில் ஓடும் நீரைக் கியூசெக்கால் அளப்பர். ஒரு கியூசெக் நீர் ஒருநாள் முழுதும் ஓடினால் ஏறத்தாழ இரண்டு ஏக்கரடியாகும். அதுபோலவே, சேமிப்பைப் பைற்றாலும் ஓட்டத்தை ஒரு விநாடிக்கு இத்தனை பிற்று என்றும் அளப்பது வழக்கு. ஒரு விநாடிக்கு 100 மெகாபிற்று என்று விளம்பரம் செய்யப்படும் இணைப்பு, விநாடிக்கு 12.5 மெகாபைற்றையே கொணரும். எட்டால் வகுக்க மறந்தவர் ஏமாந்தவராவர்.

ஒரு தாளில் அடங்கிய உலகம்

1949ஆம் ஆண்டு ஷானன் குறிப்புத்தாள் ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு வரைந்து, ஒவ்வொரு படியும் பத்து மடங்காக உயரும் அளவுகோல் ஒன்றை அமைத்தார். உலகிலே செய்தியைத் தாங்கும் பொருள்களுக்கெல்லாம் அதில் இடம் குறித்தார். கூட்டற்பொறியின் ஓர் இலக்கச் சில்லுக்கு மூன்று பிற்றுக்குச் சற்று மேல். தட்டச்சிட்ட ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 10,000 பிற்று. பெருங்கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு நூறு கோடி அளவு. மனிதனின் பரம்பரைக் குறிப்புக்கு ஓரிலட்சம் பிற்று அளவே மதித்தார். இன்று அறிந்தபடி அது ஏறத்தாழ அறுநூறு கோடி. பெரியோர் மதிப்பும் பல்லாயிரம் மடங்கு தவறுதல் உண்டு என்பதற்கு இது சான்று. எனினும், உயிரின் பரம்பரையையும் செய்தியாக எண்ணி அளக்கலாம் என்று அக்காலத்திலேயே துணிந்தமையே வியப்பு.

அத்தாளின் உச்சியில் நின்றது வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். அதற்கு அவர் இட்ட மதிப்பு, ஒன்றுக்குப் பின் பதினான்கு சுழியம். நம் வழக்கிற் சொன்னால் கோடியைக் கோடியாற் பெருக்கிய அளவு. எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை இலட்சம் கோடி பைற்று. கிலோ என்பது ஆயிரம். மெகா பத்து இலட்சம். ஜிகா நூறு கோடி. தெரா இலட்சம் கோடி. ஆகவே ஷானன் தம் காலத்திற் காணக்கூடிய மிகப்பெரிய அறிவுக் களஞ்சியமாக மதித்தது 12.5 தெராபைற்று. இன்று மேசைமீது வைக்கத்தக்க ஒற்றை வன்றட்டில் அது அடங்கிவிடும்.

பெயர் ஒன்று, அளவு இரண்டு

இனி மாணவனின் வழக்குக்கு வருவோம். கணினியின் நினைவகம் இரட்டித்தே வளர்வது. இரண்டைப் பத்துமுறை பெருக்கினால் வருவது 1,024. ஆயிரத்துக்கு அண்மையில் இருந்தமையால் அதனையும் கிலோ என்றே பொறியியலாளர் வழங்கினர். முதற்படியில் வேறுபாடு நூற்றுக்கு 2.4 மட்டுமே. ஆயின் படி ஏறஏற அது வளரும்: மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, தெராவில் ஏறத்தாழ 10. வன்றட்டுச் செய்வோர் தசம முறையில் ஆயிரம் ஆயிரமாக எண்ணி இலட்சம் கோடி பைற்றை ஒரு தெரா என்கின்றனர். கணினி அதனைத் துவித முறையில் 1,073,741,824ஆல் வகுத்து 931 எனக் காட்டுகின்றது. பைற்று ஒன்றும் குறையவில்லை. ஒருவர் தலைவழித்தார்; ஒருவர் குவித்தார்; அவ்வளவே. இம்மயக்கம் நீங்க, 1998இல் அனைத்துலக மின்தொழினுட்ப ஆணைக்குழு துவித அளவுகளுக்குக் கிபி, மெபி முதலிய வேறு பெயர்களை வகுத்தது. அவை இன்னும் பொதுவழக்கில் வேரூன்றவில்லை.

விளையாட்டும் அடக்கமும்

1949இல் ஷானன், பெல் ஆய்வுகூடத்தில் எண்கணிப்புப் பணி செய்த பெற்றி மூர் என்னும் அம்மையாரை மணந்தார். கணவரின் ஆய்வுக்கு அவர் உற்ற துணையாய் விளங்கினார். மக்கள் மூவர். 1950இல் ஷானன் தீசியஸ் என்னும் எலிப்பொறியை அமைத்தார். சிக்கலான வழிகளிடையே முட்டிமோதி வழி கண்டபின், மறுமுறை அவ்வழியை நினைவில் வைத்துத் தவறாது ஓடும் பொறி அது. உரோமன் எண்களாலேயே கணக்கிடும் பொறியொன்றையும் செய்தார். ஒற்றைச் சில்லு வண்டியில் ஏறி, பந்துகளை எறிந்து பிடித்தவாறே ஆய்வுகூட நடைவழிகளில் உலாவினார். அந்தப் பந்தாட்டத்துக்கும் ஒரு கணித விதி கண்டார்.

1956 முதல் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் ஆசிரியராயினார். 1978இல் ஓய்வு பெற்றார். அவரது கொள்கை பெரும்புகழ் எய்தி, உளவியல், பொருளியல் முதலாய துறையினரெல்லாம் அதனை எடுத்தாளத் தொடங்கியபோது, எல்லாப் பூட்டுக்கும் இஃது ஒரு திறவுகோலன்று என 1956இலேயே எச்சரித்தார். தம் கொள்கை செய்தியின் பொருளை அளப்பதன்று, அதன் அளவை மட்டுமே அளப்பது என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. மரக்கால் நெல்லின் அளவைச் சொல்லும். சோற்றின் சுவையைச் சொல்லாது. தம் புகழுக்குத் தாமே எல்லை வகுத்த இவ்வடக்கம் நம் மாணவர் உள்ளத்திற் பதிய வேண்டுவது.

இறுதி நாள்கள்

1985இல் யப்பான் நாட்டின் கியோட்டோ பரிசு அவரை அடைந்தது. அக்காலத்தை அண்டி அல்சைமர் என்னும் மறதிநோயும் அடைந்தது. நினைவின் கொள்ளளவை உலகுக்கு வகுத்தளித்தவரிடமிருந்து, நினைவு சிறிது சிறிதாக நழுவியது. எலிப்பொறிக்கு வழி மறவாதிருக்கக் கற்பித்தவர், தம் வழியை மறந்தார். உலகமெங்கும் கணினிகள் ஒன்றோடொன்று இணைந்து, அவர் கண்ட அளவுகள் சிறுவர் வாயிலும் புழங்கலான காலத்தில், அதனை உணரும் நிலையில் அவர் இல்லை. 2001ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள், தமது எண்பத்துநான்காம் வயதில், மசாசூசெற்ஸ் மாநிலத்தில் உயிர்நீத்தார்.

நமக்கு அவர் வைத்த கடன்

ஷானன் வரைந்த தாளைப் போல நாமும் ஒரு தாளை எடுப்போம். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. நூலொன்றுக்கு 200 பக்கம், பக்கத்துக்கு 1,500 எழுத்து, எழுத்துக்கு ஒரு பைற்று எனக் கொண்டால், நூலொன்றுக்கு மூன்று இலட்சம் பைற்று. அனைத்துக்குமாக 29.1 ஜிகாபைற்று. இக்காலத்து ஒருங்குறி முறையிலே தமிழ் உயிர்மெய் எழுத்து ஆறு பைற்று வரை கொள்ளும். எல்லா எழுத்துக்கும் ஆறு என்றே வைத்தாலும் 175 ஜிகாபைற்றைத் தாண்டாது. அந்நூலகத்தின் எழுத்தெல்லாம் விரல்நகத்தளவான நினைவட்டையொன்றில் அடங்கியிருக்கும். பக்கங்களை எழுத்தாக்காது, பக்கத்துக்கு அரை மெகாபைற்று வீதம் படமாக எடுத்தாலும் 9.7 தெராபைற்று, ஒரு வன்றட்டு. ஆயின் அன்று படியெடுக்கப்படாதிருந்த ஏட்டுச்சுவடிகள் இன்று எவ்வட்டையிலும் இல்லை. படியெடுத்தற்கு முன் எரிந்தது எரிந்ததே.

வன்னியிலே நாமும் 2009 வரை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பாடசாலைப் பதிவேடுகளையும் வீட்டுப் பெட்டியிலிருந்த கடிதங்களையும் கொப்பிகளையும் இழந்தோம். இவ்வெழுத்தாளரின் முப்பதாண்டுப் பாடக்குறிப்புகளும் ஒரு மழைநாளிற் பதுங்குகுழிச் சேற்றோடு சேர்ந்தன. அவற்றை மீட்க எந்தக் கணிதமும் உதவாது. ஆனால் இன்னும் எஞ்சியிருப்பன உள. முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்படும் கோவலன் கூத்தைப் பாடவல்ல முதியோர் உளர். உழவுப் பாட்டும் ஒப்பாரியும் நினைவில் வைத்திருக்கும் ஆச்சிமார் உளர். ஒரு விநாடிக்கு 64 கிலோபிற்று வீதம் ஒருமணி நேரக் குரலைப் பதிந்தால் வேண்டுவது 28.8 மெகாபைற்று. ஆயிரம் மணி நேரத்துக்கும் 28.8 ஜிகாபைற்றே. மாணவனின் தமையன் வாங்கிய அவ்வன்றட்டில் இதுபோல் முப்பத்துநான்கு மடங்கு கொள்ளும்.

2005ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து எவர்க்கும் இலவசமாக வழங்கிவருகின்றது. அப்பணிக்கு நம் ஊர்களிலிருந்து செல்லவேண்டியவை இன்னும் எத்தனையோ. வைத்திருக்க இடமில்லை என்று சொல்லும் காலம் கழிந்தது, இடம் மிகுதி. குறைவது காலமே. ஷானனின் நினைவை உண்ட நோய் நம்மூர் முதியோரையும் அறியும்.

மாணவனிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபின், தமையனின் வன்றட்டில் ஒரு பகுதியை இரவலாகக் கேட்டுவரும்படி அனுப்பியுள்ளோம். அவனுடைய பாட்டியார் உழவுப் பாட்டு நன்கு பாடுவாராம்.